காரணம்: பல் வலி

தொடர்ந்து ஒன்பது புதன்கிழமை ஒரே மனிதனுக்குப் பல் வலிக்குமா என்ற கேள்வி, லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் கொட்டகையில் முதலில் சிரிப்பாகத்தான் கிளம்பியது.

கொட்டகை வாசலில் ஒரு மர மேசை, அதன் மேல் விடுப்புப் பதிவேடு. பெயர், தேதி, நேரம், காரணம் என்று நான்கு கட்டங்கள். பூட்டு என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் புதன்தோறும் இரண்டரை மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். நாலாவது கட்டத்தில் ‘பல் வலி’ என்று எழுதுவார். போய்விடுவார்.

“அண்ணே, வாரத்துக்கு ஒரு பல்லுன்னு வெச்சாலும் இன்னும் இருபத்து மூணு வாரம் கைவசம் இருக்கு,” என்றான் நெட்டை. “அதுக்கப்புறம் என்ன எழுதுவீங்க?”

“அதுக்கப்புறம் உன் பல்லுல கை வெப்பேன்.”

நெட்டை அவருடைய ஜோடி. லிஃப்ட் வேலையில் யாரும் தனியாக இறங்குவதில்லை. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஏழு வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். அது என்ன பல் என்று கொட்டகையில் நெட்டைக்கு மட்டும் தெரியும். தெரிந்ததால்தான் மற்றவர்களைவிட உரக்கக் கிண்டல் செய்தான். கிண்டல் சத்தமாக இருக்கிற இடத்தில் யாரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவன் எண்ணம்.

பூட்டு என்ற பெயருக்குக் காரணம், அவர் இடுப்பில் தொங்கும் சிவப்புப் பூட்டு. லிஃப்ட் பெட்டிக்கு அடியில், குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மொட்டை மாடி அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. போட்டவனைத் தவிர வேறு யாரும், முதலாளியே வந்தாலும், அதைத் திறக்கக் கூடாது. இந்த விதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவசரத்துக்கு ஒருநாள், சோம்பலுக்கு ஒருநாள் என்று எல்லோரும் நழுவுவார்கள். அவர் பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட நழுவியதில்லை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

அப்படிப்பட்டவர்தான், இந்தப் பல் வலிக்கெல்லாம் முன்னால் ஒருநாள், ஆறு மாடித் துணிக்கடை ஒன்றில், பூட்டுப் போடாமல் குழிக்குள் இறங்கினார்.

நெட்டை தன் பூட்டைப் போட மாடி ஏறியபோது சுவிட்ச் அணைக்கப்படாமலே இருந்தது. அதை அணைத்து, தன் பூட்டை மாட்டி, ஆறு மாடியையும் படியில் ஓடி இறங்கினான். கீழே அவர் டார்ச்சைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றிருந்தார்.

“அண்ணே, பூட்டு எங்க?”

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். “இருக்கு.”

“மறந்துட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். “மறக்கலடா,” என்றார். “கையில எடுத்தேன். போடணும்னு தோணல.”

நெட்டைக்கு மூச்சு வாங்கியது படி ஏறி இறங்கியதால் மட்டும் அல்ல. அன்று மீதி வேலையை அவன் தனியாக முடித்தான். அவரைக் கடை வாசலில் உட்காரவைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் மேனேஜருக்குப் போன் போடவில்லை. அவர் மனைவிக்குப் போட்டான்.

மனைவிக்கு அது புதுச் செய்தி இல்லை. திரைச்சீலைக் கடையில் ஜன்னல் அளவெடுக்கிறவள் அவள். ஒரு விரற்கடை குறைந்தாலும் அவள் கண் பிடித்துவிடும். எட்டு மாதமாகப் புருஷன் குறைந்துகொண்டே வருவதை அவள் அளந்துகொண்டுதான் இருந்தாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால் கேட்டிருப்பாள். அவர் அழவில்லை. காலையில் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி இருபது நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் வாரத்துக்கு ஒருமுறையானது. டிவி ஓடும், கண் அதன் மேல் இருக்கும், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. ‘களைப்பு’ என்றார். தூங்கி எழுந்தாலும் களைப்பு.

“புதன்கிழமை மூணு மணிக்கு ஒரு இடம் காலியா இருக்காம்,” என்றாள். “மனசுக்கு வைத்தியம் பார்க்கிற மேடம். நீங்க வர்றதா சொல்லிட்டேன்.”

“எனக்கு என்ன, பைத்தியமா?”

“பைத்தியமா இருந்தா நானே சமாளிச்சிருப்பேன், பதினாறு வருஷமா பழகின விஷயம். இது வேற.”

அந்த மேடத்தின் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. அவரைவிடப் பத்து வயது சின்னவள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். இவளா நம்மைச் சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்தபடி அவர் சொன்ன முதல் வாக்கியம், “உங்க லிஃப்ட்ல கதவு ரோலர் தேஞ்சிருக்கு.”

“அப்படியா? நின்னுடுமா?”

“ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் ஒருநாள் சொல்லாம கொள்ளாம நிக்கும்.”

“நீங்க எத்தனை மாசமா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?”

அவர் பேச்சை ரோலருக்கே திருப்பினார். ஆனால் அடுத்த புதனும் போனார். முதல் புதன் கிளம்பும்போதே பதிவேட்டில் என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டர் பலகை நினைவுக்கு வந்தது. எழுதினார்.

சிறு வயதுக் கதையெல்லாம் கேட்டு அழவைப்பாள் என்று நினைத்துப் போயிருந்தார். அவள் கேட்டதோ காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழுந்து என்ன செய்தீர்கள், அது பத்துக்கு எத்தனை கனமாக இருந்தது என்ற கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை வைத்தாள். ஏழு மணிக்குள் சவரம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பது. கருவிப்பெட்டியைத் துடைப்பது.

“மனசு வரட்டும், செய்யறேன்,” என்றார்.

“மனசுக்குக் காத்திருக்காதீங்க. கை முதல்ல போகட்டும். மனசு பின்னாடி வரும். வராட்டியும் சவரம் ஆச்சுல்ல?”

அது அவருக்குப் புரிந்தது. கரண்ட் போய்ப் பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், மேலே இருக்கிற சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் பெட்டியை ஒரு கதவுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை விரல் நகரும். உள்ளே இருப்பவனுக்கு நகர்வதே தெரியாது.

மூன்றாவது வாரம், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னாள். அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து லிஃப்ட் லாக் புக். அதே கட்டம் போட்டு எழுதினார். ‘பழுது: நான். காரணம்: நான். செய்த வேலை: இல்லை.’ ஏழு நாளும் அதுவே.

அவள் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு படித்தாள். “உங்க லாக் புக்ல ‘பழுது: லிஃப்ட், காரணம்: லிஃப்ட்’னு எழுதினா மேனேஜர் என்ன பண்ணுவார்?”

“மூஞ்சில விட்டெறிவாரு.”

“நான் எறியலாமா?”

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் இருமினார். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் ஒரே ஒரு நாளைத் திருத்தி எழுதினார்கள். ‘பழுது: காலை ஆறு முதல் எட்டரை வரை எழ முடியவில்லை. காரணம்: தெரியவில்லை. செய்த வேலை: முகம் கழுவினேன்.’ காரணத்துக்கு நேரே ‘நான்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தெரியவில்லை’ என்று எழுத அவருக்கு அரை மணி நேரம் ஆனது. பழுது என்ன என்று எழுதுவது வேறு, பழி போடுவது வேறு என்று அவள் சொன்னாள். பத்தொன்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தன் மேல் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

எல்லாம் சீராக ஏறியது என்று நினைக்க வேண்டாம். ஐந்தாவது வாரம் எல்லாமே வெறும் பேச்சு என்று தோன்றிப் பாதி வழியில் திரும்பினார். பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அவள் திட்டவில்லை. அந்த நிறுத்தத்தையும் லாக் புக்கில் எழுதவைத்தாள். ஒரு டாக்டரிடமும் அனுப்பினாள்; அவர் கொடுத்த மாத்திரை தினம் ஒன்று உள்ளே போனது. ஒன்பதாக இருந்த கனம் ஏழுக்கு வந்தது, மறுபடி எட்டானது, அப்புறம் ஆறு. ஒருநாள் காலை டீயைக் குடித்துவிட்டு, “சர்க்கரை ஜாஸ்தி,” என்றார். மனைவி தினமும் அதே கரண்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி அடுப்பைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே நீங்களே போட்டுக்கோங்க,” என்றாள்.

எட்டாவது வாரம் பேச்சு அவர் அண்ணனிடம் போய் நின்றது. இருபத்தாறு வயதில் போனவன். எப்படி என்று மேடம் கேட்டபோது, வீட்டில் எல்லோரும் சொல்வதையே சொன்னார். “வயித்து வலி.”

“அச்சச்சோ. எத்தனை நாளா?”

“ரொம்ப நாளா.”

“எந்த டாக்டர் பார்த்தார்?”

அவள் சூதாகக் கேட்கவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எந்த டாக்டரும் பார்க்கவில்லை. அண்ணனுக்கு வயிறு ஒருநாளும் வலித்ததில்லை. கடைசி ஆறு மாதம் அவனும் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். களைப்பு என்றான். ஒருநாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது: ‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த வாலிபர்…’ அந்த நாலு வரியை வீடு அப்படியே விழுங்கி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் நம்பியும்விட்டது.

அந்தப் புதன் அவர் கணக்கு எதுவும் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டி பாதியானது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அண்ணனுக்கு வயிறு என்று சொன்ன அதே வீட்டுக் கைதான், எட்டு வாரமாகப் பதிவேட்டில் பல் என்று எழுதிக்கொண்டிருந்தது.

உறைத்தால் மட்டும் போதுமா? ஒன்பதாவது வாரமும் பல் வலி என்றே எழுதினார்.

அதற்கடுத்த வாரம் அந்தப் படிவம் வந்தது. வருஷாவருஷம் வருகிற உடல்தகுதிப் படிவம்தான். கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை. இந்த முறை அடியில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: ‘மனநலச் சிகிச்சை பெறுகிறீர்களா? ஆம் / இல்லை.’

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இல்லைன்னு டிக் போடுங்க,” என்றான் நெட்டை. “ஆம்னு போட்டா போன்ல கம்ப்ளெயின்ட் எடுக்கிற சீட்ல தூக்கி உக்காத்திடுவாங்க. ‘எத்தனாவது மாடி மேடம், பயப்படாதீங்க மேடம்’னு காலம் பூரா ஓட்டணும். உங்க குரலுக்கு மாட்டிக்கிட்டவங்க இன்னும் பயந்துடுவாங்க.”

அவருக்குக் குழியும் மாடியும்தான் தெரியும். இரும்புக் கயிற்றைத் தொட்டே அதன் வயதைச் சொல்லிவிடுவார். அது போனால் தன்னிடம் மிச்சம் என்ன என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அம்மா கூடத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “இல்லைன்னு போடுய்யா. இப்பதான் நல்லா இருக்கியே. அந்தப் பொண்ணுகிட்ட போறதையும் நிறுத்திடு.”

“அம்மா, அண்ணனுக்கு எப்ப இருந்து வயித்து வலி?”

மடித்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது. “இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“எந்த டாக்டர்கிட்ட காட்டினோம்?”

அவள் கையிலிருந்த துண்டைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“உங்கப்பாதான் அப்படிச் சொன்னாரு,” என்றாள். “உனக்காகத்தான்டா. அந்த வீட்டுப் பையன்னு நாளைக்கு யாரும் பொண்ணு குடுக்காம போயிடுவாங்களேன்னு.”

“தெரியும்மா. நான் உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா வலிச்ச இடத்தை விட்டுட்டு வேற இடத்தைக் காட்டினோம்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்,” என்றார். அவள் முன்னாலேயே துணிக்குவியலை ஒதுக்கி, படிவத்தைத் தரையில் வைத்து, ‘ஆம்’ மேல் டிக் போட்டார். பேனா அடுத்த தாளிலும் பதிகிற அளவுக்கு அழுத்தி.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை. எதற்கெடுத்தாலும் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிற மனிதர், அவ்வளவுதான்.

“இதுல ‘ஆம்’ல டிக் விழுந்திருக்கு. கை தவறிடுச்சா?”

“கை தவறல சார்.”

“அப்ப அந்தப் பல்லு?”

“பல்லு நல்லா இருக்கு. பொய் எழுதினேன். அது தப்பு.” மேடம் எழுதிக்கொடுத்திருந்த கடிதத்தை நீட்டினார். இரண்டே வரி. ‘இவர் தன் வேலையைச் செய்யத் தகுதியானவர். சிகிச்சை தொடர்கிறது.’

மேனேஜர் கழுத்தைத் தடவினார். “முதல் வரி நல்லா இருக்கு. ரெண்டாவதுதான் உதைக்குது. ‘சிகிச்சை முடிந்தது’ன்னு மாத்தி வாங்கிட்டு வாங்க. நாளைக்கே இறங்கலாம். நான் எதையும் பார்க்கல.”

“முடிஞ்சதுன்னு எழுதறதுக்கு அது முடியணும்ல சார்?”

“போறதை நிறுத்திடுங்க, முடிஞ்சிடும். புரியாத மாதிரி பேசாதீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். போன வருஷம் இதே படிவத்துல எனக்கு எல்லாக் கட்டத்துலயும் நல்லா இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் ஒருநாள் நான் பூட்டுப் போடாம குழியில இறங்கினேன்.”

மேனேஜரின் கை கழுத்திலேயே நின்றது. “நீங்களா? கூட யாரு இருந்தது?”

“அது என் பழுது சார், நான்தான் கையெழுத்துப் போடுவேன். அன்னைக்கு எந்த மேடம்கிட்டயும் நான் போகல. உங்க பேப்பர்ல நான் நல்லா இருந்தேன். போக ஆரம்பிச்சப்புறம் ஒருநாள்கூட பூட்டு இல்லாம இறங்கல. பயப்படறதா இருந்தா போகாதவனைப் பார்த்துப் பயப்படுங்க.”

“எல்லாம் சரி. அந்த ரெண்டாவது வரி…”

“எங்க வீட்ல ஒருத்தன் வயித்து வலியில போயிட்டான் சார். நான் பல் வலியில போறதா இல்ல. ரெண்டாவது வரி அங்கயேதான் இருக்கும்.”

மேனேஜருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் எதிரே நிற்பவர் நகர மாட்டார் என்பது மட்டும் புரிந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன், பதில் வரும்வரை போன் சீட்டில் உட்காருங்கள் என்றார். பூட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அவர் இடுப்பிலிருந்து சிவப்புப் பூட்டைக் கழற்றினார். அதன் வாயை அமுக்கி மூடினார். க்ளிக்கென்றது. மேசைமேல் வைத்தார்.

“சாவி?”

“சாவி போட்டவன் பையிலதான் இருக்கும் சார். நீங்க சொல்லிக்குடுத்த விதி.”

போன் சீட்டில், நெட்டை சொன்னதற்கு மாறாக, அவர் குரல் யாரையும் பயமுறுத்தவில்லை. அதற்காக அந்த வேலை பிடித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. காது சுட்டது, முதுகு வலித்தது, கனம் ஒரு வாரம் ஏழுக்குப் போனது. புதன் வந்தது. பதிவேட்டின் முன் நின்றார். பேனாவை எடுத்து, நாலாவது கட்டம் போதாமல் ஓரத்தில் வழிய வழிய எழுதினார்: ‘மனச்சோர்வுக்குச் சிகிச்சை.’

எழுத்தர் எட்டிப் பார்த்தார். “பழைய மாதிரி பல்லுன்னே போட்டுட்டுப் போங்களேன். எனக்கும் உங்களுக்கும் நிம்மதி.”

“உங்க நிம்மதிக்கு நான் பல்லைப் பிடுங்கிக்க முடியாது.”

கொட்டகையில் இரண்டு நாள் சிரிப்பு இல்லை. அவர் டீ குடிக்க வந்தால் பேச்சு இறங்கியது. மூன்றாம் நாள் ஒருவன் பொறுக்க முடியாமல், “அங்க தலையில வயர் எல்லாம் மாட்டுவாங்களா?” என்று கேட்டான்.

“வயர் வேலை இல்லப்பா. உண்மையைப் பேசற வேலை. உனக்கு வராது.”

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நெட்டை. சிரித்துவிட்டு மேனேஜர் அறைக்குள் போய், அன்றைக்குத் துணிக்கடையில் கூட இருந்தது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தான். பத்து நாள் அவனுக்கும் குழி கிடையாது. சாமான் அறையில் ஆணி எண்ணினான்.

போன் சீட்டில் உட்கார்ந்த ஆறாவது வாரம் புதன்கிழமை, இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, மேனேஜர் தானே அங்கே நடந்துவந்தார். கையில் சிவப்புப் பூட்டு. மேசைமேல் வைத்தார்.

“மேல இருந்து பதில் வந்துடுச்சு. மூணு மாசத்துக்கு ஒருமுறை மேடம்கிட்ட லெட்டர் வேணுமாம்.”

“ரெண்டு வரியும் இருக்கும்.”

“இருந்து தொலையட்டும். இப்ப உடனே கிளம்புங்க. பாங்க் கட்டடத்துல கயிறு பார்க்கணும்னு காலையில இருந்து உயிரை எடுக்கறாங்க. நெட்டை கிடையாது, ஆளே இல்ல.” மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அவனும் ‘பல் வலி’ன்னு எழுதிட்டுப் போயிருக்கான். அது உங்க மாதிரி பல்லா?”

“இல்ல சார். அவனுக்குக் கன்னம் வீங்கியிருக்கு. நிஜமான பல்லுதான்.”

“உள்ளே யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?” என்று பூட்டு திருப்பிக் கேட்டார்.

“யாரும் இல்ல. லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்காங்க.”

“அப்ப காலையில ஏழு மணிக்கு முதல் வேலையா நானும் நெட்டையும் போறோம்.”

“இப்ப போறதுக்கு என்ன?”

அவர் பூட்டை எடுத்து இடுப்பில் மாட்டினார். சட்டைப் பையைத் தட்டிச் சாவி இருப்பதைப் பார்த்துக்கொண்டார். எழுந்து, கடியாரத்தை மேனேஜருக்குக் காட்டினார்.

“இன்னைக்குப் புதன் சார்.”

பதிவேட்டில் நெட்டையின் கோணல் கையெழுத்து: ‘காரணம்: பல் வலி. சத்தியமா.’ அதற்குக் கீழே தன் வரியை ஓரம் வழிய எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் நடந்தார்.